வலது கை

பழைய உதவித்தொகையை நிறுத்துகிறோம், புதிய திட்டத்தில் சேர வேண்டுமானால் மறுபடி விண்ணப்பித்து நேரில் மதிப்பீட்டுக்கு வர வேண்டும் என்று அரசாங்கக் கடிதம் வந்தபோது மழை பிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தம்பி கடிதத்தை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அக்கா, நிறுத்துறாங்களாம். எனக்குச் சரியாயிடுச்சா?"

"என்னடா சரியாயிடுச்சா?"

"ஆட்டிசம். சரியானாத்தானே நிறுத்தணும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பழைய பேர்ல குடுத்துக்கிட்டிருந்ததை இனிமே புதுப் பேர்ல குடுக்கப்போறாங்க. அவ்வளவுதான்."

"அப்ப 'மாற்றப்படும்'னு எழுதணும். 'நிறுத்தப்படும்'னு எழுதியிருக்கு."

அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள். நிறுத்தப்படும் என்றுதான் எழுதியிருந்தது. சரி, காபி போடுடா என்று சொல்லிப் பேச்சை மாற்றினாள்.

தம்பிக்கு முப்பத்தைந்து வயது. காலையில் மட்டும் ஒரு முட்டைக் கிடங்கில் வேலை. கிடங்கின் பின்பக்கத்து இருட்டறையில் ஒரு விளக்கு எரியும். அதன் முன்னால் முட்டையைப் பிடித்தால் ஓட்டுக்குள் வெளிச்சம் ஊறி, கீறல் இருந்தால் மயிரிழை மாதிரி தெரியும். கீறல் விழுந்ததை ஒதுக்கி, நல்லதை அட்டைத் தட்டில் அடுக்க வேண்டும். பேச்சு தேவையில்லாத வேலை. ஆனால் தம்பி பேசுவான், திருத்துவதற்காக மட்டும். "உனக்கு ஆயிரம் தடவை சொல்லிட்டேன்" என்று யாராவது யாரையாவது கடிந்துகொண்டால், விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "மூணு தடவைதான் சொன்னீங்க" என்பான். கிடங்கில் அவன் பெயர் திருத்தம். கிடங்குக்காரம்மாவே அப்படித்தான் கூப்பிடுவாள். அவனுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

அம்மா இருந்தவரை இந்த உதவித்தொகை, ஆஸ்பத்திரி, சான்றிதழ் எல்லாவற்றையும் அம்மாதான் பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு அக்காவும் மச்சானும் தங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த இரண்டாம் மாடி வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். மச்சானுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. பேச்சில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் மனசு சுத்தமானவர். தம்பி வாங்கும் சம்பளம் அவன் பஸ்ஸுக்கும் சோப்புக்கும் சரியாக இருக்கும். வீட்டு வாடகையில் பாதி அந்த உதவித்தொகையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கடிதத்துக்குப் பிறகு அக்கா அந்த அலுவலகத்துக்குப் போன் செய்ய ஆரம்பித்தாள். அவள் வேலை பார்த்த சலவைக்கூடம் ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கைவிரிப்பு வெளுத்துக் கொடுப்பது. சூடான உருளைக்குள் ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் அப்பளம் மாதிரி மொடமொடவென்று வரும். ஆவியில் முகம் வெந்துகொண்டே, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு நிற்பாள். போனில் ஒரே ஒரு இசை சுற்றிச் சுற்றி வரும். யாராவது எடுப்பதற்குள் இடைவேளை முடிந்துவிடும், இல்லை லைன் அறுந்துவிடும்.

வீட்டுக்கு வந்தும் ஒலிபெருக்கியில் போட்டுக் காத்திருந்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று. அந்த இசை தம்பிக்குள் புகுந்துகொண்டது. பல் தேய்க்கும்போது அதையே முனகினான். சாப்பிடும்போதும் முனகினான். நடுவில் வருமே, 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு பெண் குரல், அந்த இடம் வந்ததும் முனகலை நிறுத்தி அதையும் சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினான்.

"டேய், போதும்டா. தலை வெடிக்குது."

"நான் நிறுத்தல. அதுவா ஓடுது."

பிறகு சாப்பாடு குறைந்தது. குழம்பைத் தொடவில்லை, வெறும் ரொட்டி, அதுவும் ஓரத்தைப் பிய்த்துவிட்டு. கழுவி வைத்த தட்டை மறுபடி மறுபடி கழுவினான். விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்தது. கிடங்கில் ஒரு தட்டு முட்டையைக் கைநழுவ விட்டானாம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. கிடங்குக்காரம்மா அவனைத் திட்டவில்லை. போன் செய்து, "என்ன, பிள்ளைக்கு ஏதாச்சும் தொந்தரவா?" என்று கேட்டாள்.

மச்சான் மட்டும் அவனைக் கொஞ்சம் தேற்றினார். ஞாயிற்றுக்கிழமை ஒரு உயரமான கட்டடத்துக்கு வேலையாகப் போகும்போது கூட்டிக்கொண்டு போனார். லிஃப்டைப் பழுது பார்த்த பிறகு சோதனை ஓட்டம் விட வேண்டும் அல்லவா, அதில் அவனையும் ஏற்றி மேலும் கீழுமாக விட்டார். மோட்டார் சத்தம் அந்த இசையை அடித்துப் போட்டிருக்க வேண்டும். திரும்பி வந்து ஒரு தட்டு முழுக்கச் சோறு சாப்பிட்டான்.

மதிப்பீட்டுக்கு நாள் குறித்து வந்தது. அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் தம்பி குளிக்கப் போயிருந்தபோது மச்சான் சொன்னார்:

"இங்க பாரு. அவனைப் பேச விட்டா காரியம் கெட்டுச்சு. சமைப்பியான்னு கேட்டா சமைப்பேம்பான். தனியா போவியான்னு கேட்டா போவேம்பான். பொய் சொல்லத் தெரியாத பய."

"அது பொய் இல்லையே. அவன் சமைக்கத்தானே செய்றான்."

"எப்போ? நல்லா இருக்குற அன்னைக்கு. அடுப்படில குக்கர் விசில் அடிச்சா ஓடிப் போய்க் கட்டிலுக்கடியில உட்காந்துக்கிறானே, அது யாரு, எங்கப்பனா? எங்க வேலையிடத்துல ஒருத்தர் அவர் பொண்ணைக் கூட்டிட்டுப் போனாரு. புள்ளை பெருமையை அளந்துட்டு வந்தாரு. ஒண்ணும் கிடைக்கல. நீ நல்ல நாளைச் சொல்லாத. இருக்கறதுலயே மோசமான நாளைச் சொல்லு."

"அவன் பக்கத்துல உட்காந்திருப்பானே."

"இருக்கட்டும். வீட்டுக்கு வந்து சமாதானம் பண்ணிக்கலாம்."

இருக்கிறதிலேயே மோசமான நாள் எது என்று அக்காவுக்குத் தெரியும். அதை அவள் மச்சானிடம்கூடச் சொன்னதில்லை.

அம்மாவுக்கு ஒருமுறை மணிக்கட்டு ஒடிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னாள், அக்கம்பக்கத்தில் சொன்னாள், அக்காவிடமும் அப்படித்தான் சொன்னாள். கட்டுப் போட்ட கையோடு இருந்த அம்மாவுக்கு ஒருநாள் அக்கா தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா முகத்தைத் திருப்பாமலே, "அவன்தான் தள்ளினான்" என்றாள். "வேணும்னு பண்ணல. உன்கிட்ட மட்டும் சொல்றேன். இது உன்னோட போகட்டும். அவன்கிட்டகூடக் கேட்றாத." அக்கா சரியம்மா என்றாள். அந்தச் சரியம்மாவை அவள் இத்தனை வருஷமும் காப்பாற்றி வந்திருந்தாள்.

அலுவலகம் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. காத்திருக்கும் இடத்தில் இருக்கைகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். தம்பி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, தரையில் இருந்த ஈரக் காலடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே கூப்பிட்ட பெண்ணுக்கு அக்காவைவிட வயது குறைவு. சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. கெட்டவள் இல்லை. தம்பியின் காதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். குரலையும் தணித்துக்கொண்டாள்.

"நீங்களே உங்களுக்குச் சமைச்சுக்குவீங்களா?"

"சமைப்பேன்."

"தனியா வெளிய போய் வருவீங்களா?"

"போவேன். முட்டைக் கிடங்குக்கு."

"தெரியாதவங்ககிட்டப் பேசுறதுல சிரமம் இருக்கா?"

"இப்ப உங்ககிட்டப் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். விசைப்பலகையில் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் அக்காவுக்கு வீட்டில் ஒரு சாமானை யாரோ தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருந்தது.

"மேடம், அவன் சொல்றது நல்லா இருக்குற அன்னைக்கு" என்று குறுக்கிட்டாள். "கிடங்குக்குப் போற பஸ் வழி மாத்திவிட்டா அப்படியே நின்னுடுவான். நான் போய்க் கூட்டிட்டு வரணும். அடுப்புல சத்தம் வந்தா ஓடிடுவான், அணைக்க மாட்டான். உங்க லெட்டர் வந்ததுலேருந்து சரியாச் சாப்பிடல, கையைப் பாருங்க."

தம்பி கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான்.

"இதெல்லாம் எழுதிக்கிறேன்" என்றாள் அந்தப் பெண். "ஆனா இதுக்கெல்லாம் புள்ளி கம்மியாத்தான் வரும். புள்ளி சேர்ந்தாத்தான் உதவித்தொகை, புது விதிமுறை அப்படி. இவரால இவருக்கோ, மத்தவங்களுக்கோ எப்பவாவது ஆபத்து ஏற்பட்டிருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிறகு பல நாள் அக்கா அதையே நினைத்துக்கொண்டாள். இல்லை என்று சொல்லியிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்காது. வேறு வீடு பார்த்திருக்கலாம், இன்னும் சின்னதாக. ஆனால் அந்த நேரத்தில் அவள் கண் முன்னால் வாடகை கேட்டு நிற்கும் வீட்டுச் சொந்தக்காரரின் முகம் வந்தது.

"எங்கம்மாவைத் தள்ளிவிட்டுட்டான்" என்றாள். "மணிக்கட்டு ஒடிஞ்சுபோச்சு. இடது கை."

விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"வலது கை" என்றான் தம்பி.

அக்கா அவன் பக்கம் திரும்பவில்லை.

"இடது கை இல்ல. வலது கை. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அம்மா இடது கையில கரண்டி பிடிச்சுச் சாப்பிட்டாங்க. நிறைய சிந்துவாங்க."

அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமே இல்லை. அக்கா ஜன்னலோரத்தை அவனுக்கு விட்டு உட்கார்ந்தாள். அவன் ஓட்டுநருக்குப் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இறங்கும்வரை உட்காரவில்லை. வீட்டில் மச்சான், "என்ன, நல்லா மோசமாச் சொன்னியா?" என்று கேட்டார். சொன்னேன் என்றாள். என்ன சொன்னாள் என்று அவரும் கேட்கவில்லை.

மறுநாள் தம்பி வேலைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. களைப்பாக இருக்கும், இருக்கட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள். ஆனால் வேறு ஒன்றையும் அவள் கவனித்தாள். அவள் சமையலறைக்குள் போனால் அவன் வெளியே வந்துவிடுகிறான். தட்டை நீட்டினால் கையில் வாங்காமல், கீழே வைக்கச் சொல்லி, அவள் நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்கிறான். மச்சான் வழக்கம்போல முதுகில் தட்டப் போனபோது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"என்னடா, நான் என்ன கடிக்கவா போறேன்?" என்றார் மச்சான்.

"நீங்க இல்ல" என்றான் தம்பி.

கிடங்குக்காரம்மா மறுபடி போன் செய்தாள். "திருத்தம் இல்லாம இங்க அவனவன் இஷ்டத்துக்குப் பொய் பேசுறான். எப்ப வருவான்?" அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சீக்கிரம் வந்து, தம்பியின் அறை வாசலில் தரையில் உட்கார்ந்தாள். அவன் கட்டிலின் அந்தக் கோடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். வெளியே மழை விட்டு, ஜன்னலுக்கு மேலிருந்த தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேலைக்கு ஏன் போகலடா?"

"அங்க அறை சின்னது. எல்லாரும் பக்கத்துல நிக்கிறாங்க."

"எப்பவும் அப்படித்தானே நிக்கிறாங்க?"

"முன்னாடி எழுதல. இப்ப எழுதிட்டாங்க, என்னால ஆபத்துன்னு. எழுதின பிறகு போய்ப் பக்கத்துல நின்னா அது தப்பு."

"ஐயோ, அது அப்படி இல்லடா..."

"நீதானே சொன்ன?"

"நான்தான் சொன்னேன்."

"உனக்கு எப்படித் தெரியும்? அம்மா உன்கிட்ட வழுக்கி விழுந்தேன்னுதான் சொன்னாங்க. நான் கேட்டுக்கிட்டு நின்னேன்."

"அப்புறமாச் சொன்னாங்க. என்கிட்ட மட்டும்."

அவன் கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் ஆடினான். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அக்கா கேட்டதே இல்லை.

"பக்கத்து வீட்டுல சுவத்துல துளை போட்டுக்கிட்டிருந்தாங்க. நான் தரையில இருந்தேன். அம்மா வந்து கட்டிப் பிடிச்சாங்க. பிடிக்காதீங்கன்னு சொன்னேன். சத்தத்துல அவங்களுக்குக் கேக்கல. தள்ளிட்டேன். கதவு நிலையில போய் விழுந்தாங்க. கை வேற மாதிரித் திரும்பியிருந்துச்சு. நான்தான் கீழ போய் வண்டி கூப்பிட்டேன். நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரில ரொம்ப சத்தம். டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. அம்மா குளியலறைல வழுக்கிட்டேன்னு சொன்னாங்க. நான் பக்கத்துல இருந்தேன். நான் திருத்தல."

"அம்மாவே அப்படித்தானே நினைச்சாங்க, நீ சொல்லக் கூடாதுன்னு..."

"எல்லாரையும் திருத்துறேன். அதை மட்டும் திருத்தல. அம்மா செத்த அன்னைக்குச் சொல்லலாம்னு நினைச்சேன். எல்லாரும் அழுதுக்கிட்டிருந்தாங்க. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல."

அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். உருளை எந்திரத்தின் சூட்டில் நின்று நின்று அவள் கைத்தோலெல்லாம் கறுத்திருந்தது. அந்தக் கையை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொன்னப்ப முதல்ல நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் பயமா இருந்துச்சு" என்றான். "அக்கா, ஒண்ணு கேக்கணும். நீ எதுக்குச் சொன்ன? அது உண்மைங்கறதாலயா, பணத்துக்கா?"

உண்மை என்பதால் சொன்னேன் என்றால் அவன் நம்பிவிடுவான். அவன் எதையும் நம்பிவிடுவான். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பணத்துக்குத்தான்" என்றாள்.

அவன் தலையசைத்தான். கிடங்கில் ஒரு முட்டையைப் பார்த்து முடித்ததும் அசைப்பானே, அதே மாதிரி.

அடுத்த நாள் சலவைக்கூடத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு அக்கா அந்த அலுவலகத்துக்குத் தனியாகப் போனாள். சளி பிடித்த பெண்ணையே பார்க்க முடிந்தது. அன்றைக்கு நான் சொன்னதில் ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்றாள்.

"ஏன், பொய்யா?"

"பொய் இல்ல மேடம்."

"உண்மைன்னா எதுக்கு எடுக்கணும்?"

"சொல்லாம இருக்கேன்னு எங்கம்மாகிட்ட வாக்குக் குடுத்திருந்தேன்."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். "பதிஞ்சதை அழிக்க முடியாதுங்க. வேணும்னா கூடச் சேர்க்கலாம். இந்த மாதிரி நடந்துச்சு, அப்புறம் இப்படி ஆச்சுன்னு."

அக்கா சேர்க்கச் சொன்னாள். அவன்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான், அதற்குப் பிறகு யார்மேலும் கை வைத்ததில்லை. சேர்த்தால் புள்ளி குறையுமா என்று வாய்வரை வந்த கேள்வியை அடக்கிக்கொண்டாள். அடக்கியதற்காகத் தன்னைப் பாராட்டிக்கொள்ளவும் முடியவில்லை. கேள்வி வந்தது வந்ததுதானே. பஸ்ஸுக்கு நிற்கும்போது, அம்மா எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்தால் எந்த முகத்தோடு பார்ப்பாள் என்று நினைத்தாள். திட்டினால்கூடப் பரவாயில்லை. அம்மா திட்டுகிறவள் இல்லை. தலையை வாரக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்து, பதிவில் என்னென்ன கூடச் சேர்க்க வைத்தாள் என்று சொன்னாள். தம்பி ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு, "கிடங்குக்காரம்மாகிட்ட நான் சொல்லணும்" என்றான்.

"எதைடா?"

"தள்ளினதை. தெரிஞ்சுக்கிட்டு அவங்க வரச் சொன்னாப் போறேன்."

வேண்டாம் என்று அக்கா கெஞ்சினாள். இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். அவன் கேட்கவில்லை. போனை எடுத்து அவனே பேசினான். துளை போட்ட சத்தத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். பிறகு கிடங்குக்காரம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அம்மாவைத் தள்ளினியா? சரி, துளை போட்டா யாருக்குத்தான் பொறுக்கும்? இங்க யாரும் துளை போட மாட்டோம். உன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுத் தர்றேன், இடிக்காம இரு. நாளைக்கு வந்து சேரு, முட்டை மலை மாதிரிக் கிடக்கு."

"மலை மாதிரி இருக்காது" என்றான் தம்பி.

வேலைக்குப் போக ஆரம்பித்தான். வீட்டில் மட்டும் இன்னும் தள்ளியே நின்றான். மச்சானுக்கு இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் சாப்பிடும்போது தலை நிமிரவில்லை. "நான்தான் உன்னை முடுக்கிவிட்டேன்" என்று ஒருதடவை சொன்னார். அது அக்காவுக்கு ஆறுதலாக இல்லை. முடுக்கியது அவராக இருக்கலாம், வாயைத் திறந்தது அவள்தானே.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் முடிவு வந்தது. புதிய உதவித்தொகை கிடைத்துவிட்டது. பழையதைவிடக் கூடுதலாகவே. மச்சான் ஒரு பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். அக்கா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எந்த வாக்கியத்துக்காகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அதில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று நல்ல வெயில். பல வாரத்துக்குப் பிறகு மொட்டை மாடியில் துணி காய்ந்திருந்தது. அக்கா எடுக்கப் போனாள். ஊருக்கெல்லாம் விரிப்பு மடிக்கிறவள், தன் வீட்டு விரிப்பை அத்தனை நாள் ஈர வாடையோடுதான் விரித்துக்கொண்டிருந்தாள். தம்பியும் மாடிப்படியேறி வந்து கொடியின் மறுகோடியில் நின்றான்.

"கிடைச்சிருச்சாம்" என்றான்.

"ஆமாடா."

கையில் இருந்த கிளிப்பை அவள் திருகிக்கொண்டே இருந்தாள். "தம்பி, நான் உன்கிட்ட..."

"மன்னிப்புக் கேக்காத அக்கா."

"ஏன்டா?"

"கேட்டா நான் பரவாயில்லன்னு சொல்லணும். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா எனக்குப் பரவாயில்லன்னு இல்ல."

"சரி. கேக்கல."

"அடுத்த தடவை கூப்பிட்டா நான் பேசுறேன். மோசமான நாளையும் நானே சொல்றேன். நீ பக்கத்துல இரு. எனக்கு முன்னாடி சொல்லாத."

"சரிடா."

பெரிய விரிப்பு ஒன்று கொடியில் மீதி இருந்தது. ஒருவர் மட்டும் மடிக்க முடியாதது. அக்கா ஒரு பக்கத்து நுனிகளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். கூப்பிடவில்லை. தம்பி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மறுபக்கத்து இரண்டு முனைகளையும் எடுத்தான். இருவரும் இழுத்து உதறினார்கள். காற்று புகுந்து விரிப்பு நடுவில் உப்பி இறங்கியது. நீளவாக்கில் மடித்தார்கள். அடுத்த மடிப்புக்கு யாராவது ஒருவர் நடந்து வர வேண்டும்.

அவன்தான் வந்தான். மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு வந்து, தன் கையிலிருந்த முனைகளை அவள் கையில் கொடுத்தான். விரல் விரலில் பட்டது. அவன் சட்டென்று நகர்ந்துவிடவில்லை. அவள் சரியாகப் பிடித்துக்கொண்டாளா என்று பார்த்துவிட்டு, குனிந்து கீழே தொங்கிய மடிப்பை எடுத்தான்.